கெளுத்தியிடம் சொன்னது

மார்ச் 3, செவ்வாய்

பல் டாக்டர் கேட்ட மேல்வரிசைப் பல்செட் இரண்டு, கீழ்வரிசை ஒன்று செய்து முடித்தேன். மீன்தொட்டியின் காற்றுமோட்டார் மறுபடியும் கரகரவென்கிறது. இன்று வீட்டில் வாய் திறந்தது அது மட்டும்தான்.

மூன்றாம் நாள். முதலில் பேச்சை நிறுத்தியது யார் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. அவள்தான். அவளைக் கேட்டால் நான் என்பாள். கேட்க வழியில்லை, பேசுவதில்லையே.

நடந்ததை எழுதி வைக்கிறேன், பின்னால் தகராறு வந்தால் ஆதாரம் வேண்டும். ஞாயிறு காலை அவள் அண்ணன் போன் செய்து, "வாழ்த்துகள் மாப்ளே" என்றார். எதற்கென்று தெரியாமலே நன்றி சொல்லிவிட்டேன். பிறகுதான் விஷயம் வந்தது. அவள் வேலை பார்க்கும் மருத்துவமனை வேறு ஊரில் கிளை திறக்கிறது. ரயிலில் எட்டு மணி நேரம். அங்கே நர்சுகளுக்கெல்லாம் தலைமையாக இவளைக் கேட்டிருக்கிறார்கள். சம்மதமா இல்லையா என்று முப்பத்தொன்றாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இருபத்து மூன்று வருடம் குடித்தனம் நடத்தியவனுக்கு இந்தச் செய்தி மச்சான் வாயால் வருகிறது!

அவள் டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாகச் சொன்னேன்: "போறதுன்னா தாராளமாப் போ. எனக்கென்ன? சோறு நானே வடிச்சுக்குவேன்."

அவ்வளவுதான் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம். ஒரு கரண்டி கீழே விழுந்தது, அது தானாக விழுந்தது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து மூச்சுப் பேச்சு இல்லை.

மார்ச் 4, புதன்

சோறு வடித்தேன். குழைந்துவிட்டது. எனக்குக் குழைந்த சோறுதான் பிடிக்கும் என்ற முகத்தோடு சாப்பிட்டு முடித்தேன்.

மார்ச் 6, வெள்ளி

அவள் மீன்களிடம் பேச ஆரம்பித்துவிட்டாள்.

மீன் என்றால் கோரி. கட்டைவிரல் நீளம் இருக்கும் குட்டிக் கெளுத்தி. உடம்பெல்லாம் கரும்புள்ளி, வாயோரம் மீசை. ஆறு பேர். மேலே நீந்தி அழகு காட்டுகிற ஜாதி இல்லை இவர்கள். அடிமணலில் மூக்கை நுழைத்து, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள் மாதிரி நாள் முழுக்கக் கிளறிக்கொண்டிருப்பார்கள். மகள் ஹாஸ்டலுக்குப் போன வாரம் வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று நான்தான் வாங்கி வந்தேன். "தண்ணிய யார் மாத்துவா?" என்று இவள் அன்றைக்கே கேட்டாள். "யாரும் மாத்த வேண்டாம். இதுங்களே அடியில இருக்கற அழுக்கையெல்லாம் சுத்தம் பண்ணிரும்" என்றேன். அப்படித்தான் நம்பினேன். சுத்தமும் செய்யவில்லை ஒன்றும் செய்யவில்லை. அழுக்குக்குத் தங்கள் பங்கையும் சேர்த்தார்கள். இவளைப் பார்க்க யாராவது வந்தால், "எங்க வீட்டுத் துப்புரவுப் பணியாளர்கள்" என்று தொட்டியைக் காட்டி அறிமுகம் செய்வாள். பிறகு அதே விரலால் என்னையும் காட்டுவாள்.

இன்று காலை சீருடையோடு தொட்டி முன்னால் நின்றாள். "பால் தீந்து போச்சு. வாங்கி வைக்கறவங்க வாங்கி வைக்கலாம்" என்றாள். ஆறு பேரும் அவளைப் பார்த்தார்கள். யாரும் கிளம்பவில்லை. நான்தான் போய் வாங்கி வந்தேன்.

சாயங்காலம் தொட்டிக்குப் பக்கத்தில் போய், "பால் வந்தாச்சு. சமையல் கேஸும் தீரப் போகுது. தெரிஞ்சுக்க வேண்டியவங்க தெரிஞ்சுக்கலாம்" என்று நானும் சொன்னேன். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

மார்ச் 9, திங்கள்

கோரிகளில் ஒன்று இன்று நாலைந்து முறை விருட்டென்று மேலே வந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே பாய்ந்தது. வாங்கின புதிதில் இதைப் பார்த்து எனக்குக் கைகால் ஓடவில்லை. மூச்சுத் திணறுகிறது என்று நினைத்து ஒன்றுக்கு மூன்றாகக் காற்றுமோட்டார் வாங்கி மாட்டினேன். தொட்டி, உலை கொதிக்கிற பானை மாதிரி ஆகிவிட்டது. கலர்மீன் கடைக்காரர்தான் வீட்டுக்கு வந்து பார்த்துச் சொன்னார்: "அது குடலாலயும் மூச்சு விடும் சார். மேல வந்து காத்த முழுங்கிட்டுப் போறது அதோட பழக்கம்." இவள் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பேஷண்டுக்கு ஒண்ணுமில்ல. கூட வந்தவருக்குத்தான் படபடப்பு" என்றாள். அன்றைக்கு எவ்வளவு சிரித்தோம்.

மார்ச் 12, வியாழன்

வெள்ளைத் தாள் தேடி மேஜை இழுப்பறையைத் திறந்தேன். (தேடினது தாள்தான்.) சம்மதக் கடிதம் அங்கே இருந்தது. பெயர், பதவி எல்லாம் அச்சடித்திருக்கிறது. 'சம்மதம்', 'சம்மதமில்லை' என்று இரண்டு கட்டம். இரண்டுமே காலி.

ஏன் காலி? போக வேண்டுமென்றால் ஒரு நிமிட வேலைதானே? வேண்டாமென்றாலும் ஒரு நிமிடம்தானே? இவள் எதற்காகக் காத்திருக்கிறாள்?

இங்கே எழுதலாம், யாரும் படிக்கப் போவதில்லை. அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லை. எட்டு மணி நேரத் தூரத்தில் அவள், இங்கே நானும் பிளாஸ்டர் அச்சுகளும். ஊரார் பல்லெல்லாம் என் அலமாரியில் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் குழைந்த சோறு தின்ன வேண்டும். அதே சமயம், 'போகாதே' என்று எந்த வாயால் சொல்வது? அந்த வேலைக்கு அவளைவிடத் தகுதியான ஆள் கிடையாது, அது எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கணும்தான்.

அண்ணனிடம் முதலில் சொல்லிவிட்டாளே!

மார்ச் 15, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. அவளுக்குக் காலை டூட்டி. சும்மா இருக்கப் பிடிக்காமல் தொட்டித் தண்ணீரைப் பாதி மாற்றினேன். குழாயில் தண்ணீர் ஜில்லென்று வந்தது. குளோரின் முறிக்கும் சொட்டு மருந்தை ஊற்றிவிட்டு, மதியம் பல் டாக்டரிடம் வேலையைக் கொடுக்கப் போனேன். மழையில் மாட்டிக்கொண்டு ஆறு மணிக்குத்தான் திரும்பினேன்.

மார்ச் 16, திங்கள்

தொட்டிக்கு அம்மை போட்டுவிட்டது என்று நினைத்தேன். கண்ணாடி முழுக்க ஜவ்வரிசி மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள். சுரண்டினால் வரவில்லை. வேலைக்கு மாட்டுகிற பூதக்கண்ணாடியைத் தலையில் மாட்டிப் பார்த்தேன். வரிசை வரிசையாக ஒட்டியிருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

கலர்மீன் கடைக்காரர் படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். போனைக் கீழே வைத்தார்.

"சார், இது நோய் இல்ல. முட்டை."

"முட்டையா?"

"என்ன சார் பண்ணீங்க? நான் மூணு வருஷமா எட்டு மீன வச்சுக்கிட்டுத் தவம் கிடக்கறேன். ஒரு முட்டை கிடையாது."

"நான் ஒண்ணும் பண்ணலீங்க."

"சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க" என்றார். முகம் வாடிவிட்டது. இருந்தாலும் நல்ல மனிதர். முட்டைகளை அப்படியே விட்டால் பெற்றவர்களே தின்றுவிடுவார்கள், இன்றைக்கே எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டுக் காற்றுக் குழாய் விட வேண்டும், பூஞ்சை வராமல் நீலமருந்து இரண்டு சொட்டு, வெளுத்துப் போகும் முட்டையை உடனே பொறுக்கி எறிய வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினார்.

நான் மெழுகு செதுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்ட நேரம் அவள் உள்ளே வந்தாள். கைப்பையைக்கூட வைக்கவில்லை.

"கத்தியத் தள்ளி வைக்கச் சொல்லு" என்றாள் மீனிடம்.

தள்ளி வைத்தேன். அவள் புடவையைச் செருகிக்கொண்டு, விரல் நுனியால் ஒவ்வொரு முட்டையாக உருட்டி எடுத்தாள். நான் டப்பாவைப் பிடித்தேன். எண்பத்து மூன்று. பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது போல. மீனைப் பார்த்துக் குனிந்துகொண்டு, "நேத்து சாயங்காலம் ஜில்லுனு பாதித் தண்ணி மாத்தி விட்டேனே, அதான் இவ்ளோ கொண்டாட்டமா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நேத்து காலையில நானும் பாதி மாத்தினேன்" என்றேன், மீனிடம்.

கை நின்றது. "சாப்பாடு?" என்று மீனைக் கேட்டாள்.

"தினமும் காலையில. புழு."

"நானும் தினமும் சாயங்காலம் போடறேன். சோறு வடிக்கறவங்களுக்கு மீன் ஞாபகம் எங்க இருக்கப் போகுதுன்னு."

பதினைந்து நாளில் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்துக்கொண்டோம். முன்பெல்லாம், 'மீனுக்குப் போட்டாச்சா?' என்று ஒரு கேள்வி தினமும் இந்த வீட்டில் உண்டு. அது நின்று போனது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. ஆறு பேரும் கமுக்கமாக இரண்டு வேளையும் தின்று கொழுத்திருக்கிறார்கள்.

மார்ச் 17, செவ்வாய்

காலையில் எழுந்து பார்த்தால், தொட்டியின் பக்கவாட்டில் நூல் கட்டி ஓர் அட்டை தொங்குகிறது. மருத்துவமனைக் கட்டிலில் மாட்டுவார்களே, அதே மாதிரி கட்டம் கட்டமாக. நோயாளி: முட்டை (83). நேரம், உணவு, மருந்து, நிலை, கையொப்பம். பொறுப்பு நர்ஸ்: அவள். உதவியாளர்: நான்.

சொந்தமாகப் பல் செய்யும் கூடம் வைத்து இருபது வருடம் ஆகிறது. இப்போது உதவியாளர்! முதல் வரியை அவளே எழுதியிருந்தாள்: "காலை 6.10. வெளுத்தவை 11, அகற்றப்பட்டன. நிலை: திருப்தி."

நான் கீழே எழுதினேன்: "காலை 9.00. வெளுத்தவை 3. உதவியாளர் என்ற சொல்லுக்கு ஆட்சேபம்."

மாலை வந்து எழுதியிருக்கிறாள்: "ஆட்சேபம் மேலிடத்துக்கு அனுப்பப்பட்டது. மேலிடம் நானே."

நீலமருந்து தீர்ந்து கடைக்குப் போனபோது கடைக்காரர் விடவில்லை. கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "நானும் என் மனைவியும் பேசிக்கறதில்லீங்க. அதனால ரெண்டு பேரும் தனித்தனியா சாப்பாடு போட்டிருக்கோம், ஒரே நாள்ல தனித்தனியாத் தண்ணி மாத்தியிருக்கோம். அதுவும் மழை நாள்ல." அவர் கண்கள் விரிந்தன. நன்றாகத் தின்ன வைத்து, பிறகு ஒரேயடியாகக் குளிர்ந்த தண்ணீரை விட்டால், மழைக்காலம் வந்துவிட்டது என்று அவை முட்டை போடுமாம். "புஸ்தகத்துல இருக்கறத அப்படியே பண்ணியிருக்கீங்க சார்!" என்று ரசீதின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். முதல் வரி: 'மனைவியிடம் பேசக் கூடாது.'

மார்ச் 20, வெள்ளி

பொரித்துவிட்டன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு கமா, இரண்டு கண், வயிற்றில் ஒரு மூட்டை. ஒரு பல்லின் விளிம்பைவிட மெலிசு. அதற்குள் இதயம் அடிப்பது தெரிகிறது.

நான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவள், "காட்டுங்க" என்றாள்.

'காட்டுங்க' என்று மீனிடம் சொல்ல மாட்டாள், மீனை அவள் 'நீ' என்றுதான் அழைப்பாள். ஆக, என்னிடம்தான். கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். அவளுக்குத் தலைப்பட்டை பெரிதாக இருந்தது, பின்னால் பிடித்துக்கொண்டேன். "ஐயோ, எவ்ளோ சின்னது" என்றாள். பிரசவ வார்டில் பதினெட்டு வருடம் இருந்தவள். அவள் கழுத்துக்குப் பின்னால் நரை கூடியிருக்கிறது. எப்போது வந்தது இதெல்லாம்?

உடனே பேசியிருக்கணும். 'சம்மதம்னு எழுதிக் குடு' என்றோ, 'போகாத' என்றோ, ஏதோ ஒன்று. நான் என்ன சொன்னேன்? "ஐம்பத்திரண்டு இருக்கும்னு நெனைக்கறேன்" என்றேன். எண்ணிக்கை சொல்கிறேனாம் எண்ணிக்கை.

மார்ச் 22, ஞாயிறு

குஞ்சுகளுக்கு நுண்புழு வாங்கப் போனேன். கடைக்காரர் ஐந்து நாளாக வீட்டில் வாயைத் திறக்கவில்லையாம். "முட்டை வந்துச்சா?" என்றேன். "முட்டையும் வரல, ஒண்ணும் வரல. அவ இன்னும் கவனிக்கவே இல்ல சார்" என்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மார்ச் 24, செவ்வாய்

குஞ்சு முப்பத்தெட்டு. உட்கார்ந்து யோசித்து ஒரு திட்டம் போட்டேன்.

கோரி தனியாக இருக்காது. இரண்டு மூன்றாகவும் இருக்காது. குறைந்தது ஆறு மீன் வேண்டும், இல்லாவிட்டால் மூலையில் ஒதுங்கித் தின்னாமல் கிடக்கும். பழைய ஆறு மட்டும் இருந்தபோது பிரிக்க வழியில்லை. இப்போது உண்டு. பெரிய ஆறையும் அவள் கொண்டு போகட்டும், குஞ்சுகள் என்னிடம் இருக்கட்டும். பிடிவாதம் பிடிக்காமல் விட்டுக்கொடுக்கிறவன் நான் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். பேச வாய் வராததால் அட்டையில் எழுதினேன்: "மாலை 4.00. குஞ்சு 38. இரண்டு வீட்டுக்குப் போதும். பெரியவை 6 உனக்கு. எனக்கு ஆட்சேபம் இல்லை."

மிகவும் பெருந்தன்மையாக எழுதியதாகத்தான் நினைத்தேன். மறுபடி ஒரு தடவை வாசித்தும் பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

மார்ச் 25, புதன்

அட்டையைக் காணோம். நூல் மட்டும் தொங்குகிறது.

மீனிடம்கூட அவள் பேசவில்லை.

மார்ச் 27, வெள்ளி

மகளுக்குப் போன் செய்தேன். நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன், என் பக்க நியாயங்களை விடாமல். அவள் நடுவில் இரண்டு முறை கொட்டாவி விட்டாள்.

"அப்பா, அம்மா போனா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"இங்க இருப்பேன். வேற என்ன?"

"அதைத்தான் அட்டையில எழுதினீங்களா?"

"மீனைப் பத்தித்தான்மா எழுதினேன்."

"சரி. எனக்குத் திங்கட்கிழமை பரீட்சை. உங்க மீன் பஞ்சாயத்துக்கு நான் வர முடியாது" என்று வைத்துவிட்டாள். தாயைப் போலவே. இரண்டு கட்டத்தில் எது என்று சொல்லாமல் விட்டுவிடுவாள்.

கடிதம் இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது. இன்னும் நாலு நாள்.

மார்ச் 30, திங்கள்

எல்லாம் வெடித்துவிட்டது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இன்று அவளுக்கு விடுமுறை. நான் ஒரு பல்செட்டுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து மோட்டாரை அணைத்தாள். காதுக்குள் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் சுற்றியது.

"மீனுக்குச் சொல்லல, உங்களுக்குச் சொல்றேன். நல்லாக் கேளுங்க" என்றாள். "அன்னிக்கு ஆர்டர் கைக்கு வந்தப்போ நான் பஸ் ஸ்டாப்ல நின்னேன். வாயெல்லாம் பல்லா நின்னேன். அந்த நேரம் பாத்து அண்ணன் போன் பண்ணிட்டார். வேற எதுக்கோ பண்ணினவர்கிட்ட உளறிட்டேன். உங்களுக்கு நேர்ல சொல்லணும், உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்னு ஒரு நாள் முழுக்க வயித்துல கட்டி வச்சிருந்தேன். சனிக்கிழம வந்தா, நீங்க கல்யாண வீட்டுக்குப் போயிட்டீங்க. ஞாயித்துக்கிழம வந்து நின்னா, செருப்பக் கழட்டறதுக்குள்ள 'போ'ங்கறீங்க."

"நான் கோவத்துல..."

"கோவத்துல சொன்னது சரி. அதுக்கப்புறம் முப்பது நாள் இருந்துச்சே? நீங்க உக்காந்து என்ன பண்ணீங்க? மீனப் பங்கு போட்டீங்க!"

"நீ போகணும்னு ஆசப்படற. நான் குறுக்க நிக்கக் கூடாதுன்னுதான்..."

"குறுக்க நிக்க வேண்டாம். கூட வரலாம்ல? ஏன், அந்த ஊர்ல யாருக்கும் பல்லு விழாதா?"

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு பல்செட் வேறு. அதுவும் வாயைத் திறந்துகொண்டிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், இந்த முப்பது நாளில் அது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு தடவைகூட. என் தொழிலுக்கு ஒரு மேஜை, ஒரு மோட்டார், ஓர் அடுப்பு போதும். எந்த ஊரிலும் போட்டுக்கொள்ளலாம். அவள் போவாள் அல்லது போக மாட்டாள், நான் இருக்கிற இடத்தில் இருப்பேன். சுவர் மாதிரி. அப்படித்தான் என் கணக்கு ஓடியிருக்கிறது.

"என் வார்டை விட்டுட்டு உங்க பின்னாடி ரெண்டு தடவ ஊர் மாறி வந்தேன்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு தடவயும் அடியிலருந்து ஆரம்பிச்சேன். 'வரியா'ன்னு நீங்க கேக்கல. நான் வருவேன்னு உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவ நீங்க வருவீங்களான்னு எனக்குத் தெரியல பாருங்க. அதான் கட்டம் காலியாக் கிடக்கு."

அழவில்லை அவள். எனக்குத்தான் மூக்கு அடைத்துக்கொண்டது. வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. அவள் அந்த இரண்டு ஊர்களிலும் சின்ன நர்சாக மறுபடி முதலிலிருந்து தொடங்கியது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். அதை நான் ஒரு விஷயமாக நினைக்கவில்லை, அவ்வளவுதான். அதைவிடக் கேவலம் இன்னொன்று. கூட வரலாமே என்று அவள் சொன்னதும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, 'மச்சான் சிரிப்பாரே' என்பது.

"பாலிஷ் போடற தூசி அந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது. தனி ரூம் இருக்கற வீடாப் பாக்கணும்" என்றேன்.

அவள் மேஜைத் தூசியை விரலால் வழித்துப் பார்த்தாள். பிறகு மோட்டாரைத் திரும்பவும் போட்டுவிட்டு வெளியே போனாள்.

மார்ச் 31, செவ்வாய்

முதல் கட்டத்தில் டிக். அவள் கையெழுத்து எப்போதும் கொஞ்சம் சாயும், இன்று நேராக இருந்தது.

ஏப்ரல் 11, சனி

மச்சான் போன் செய்தார். "மாப்ளே, நீங்களும் கூடப் போறீங்களாமே?" என்றார். சிரிப்பு வரும் என்று காதை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். "மீன் தொட்டிய என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். மனிதருக்கு அந்தக் கவலைதான். பன்னிரண்டு நாள் ஒரு சிரிப்புக்குப் பயந்து கிடந்திருக்கிறேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இருவரும் சேர்ந்து கலர்மீன் கடைக்குப் போனோம். குஞ்சுகளில் தேறியது இருபத்தேழு. விரல் நகம் அளவு வந்துவிட்டன, மீசைகூட முளைத்திருக்கிறது. எட்டை அவருக்குக் கொடுத்தோம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மூன்றாம் வாரம்தான் அவர் மனைவி, "தொண்டை கட்டியிருக்கா?" என்று கேட்டாராம்.

பயணத்துக்கு எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டு நாள் பட்டினி போட வேண்டும். அப்புறம் முக்கியமான ஒன்று: "இது பயந்தாலோ மிரண்டாலோ ஒரு நஞ்சு விடும் சார். பையில கட்டினப்புறம் விட்டுச்சுன்னா, தான் விட்ட நஞ்சுல தானே செத்துரும். அதனால முதல்ல ஒரு வாளியில போட்டு, விடறத எல்லாம் விடட்டும்னு கொஞ்ச நேரம் வையுங்க. அப்புறம் நல்ல தண்ணிக்கு மாத்திக் கட்டுங்க."

நான் அவளைப் பார்க்கவில்லை. அவள் என்னைப் பார்ப்பது தெரிந்தது.

"முப்பது நாள் வாளியில வைக்கலாமா?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"அரை மணி நேரம் போதும்மா" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

மே 3, ஞாயிறு

ரயில். மடியில் தெர்மகோல் பெட்டி. உள்ளே ஐந்து பை, இருபத்தைந்து பேர். எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் எங்கே போகிறோம் என்று விசாரித்தார். "தொழில விரிவு பண்ணலாம்னு..." என்று ஆரம்பித்துவிட்டேன். அங்கே பல்லுக்கு நல்ல கிராக்கி, நாலு டாக்டர் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சரம் சரமாக வந்தது. ஒரு டாக்டரும் கூப்பிடவில்லை. இவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

மே 4, திங்கள்

இருபத்தைந்தும் உயிரோடு இருக்கின்றன. எங்கள் சாமான்களில் பீரோக் கதவு ஒன்று உடைந்துவிட்டது.

மே 19, செவ்வாய்

இங்கே தண்ணீர் வேறு. பெரிய மீன் ஆறும் முதல் வாரம் மூலையில் ஒண்டிக் கிடந்தன, இப்போது கிளறுகின்றன. இவள் ஏழு மணிக்குப் போனால் ஆறு மணிக்கு வருகிறாள். நாற்பது நர்சுகளை மேய்த்துவிட்டுக் கால் வீங்கி வருகிறாள். முகம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. நான் மேஜை போட்டு, மோட்டார் மாட்டி, மெழுகு உருக்கி எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன். பல்தான் ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காலையில், "சார் லீவா?" என்று கேட்கிறார். ஆமாம் என்கிறேன். தினமும் லீவு.

சோறு இப்போது குழைவதில்லை.

ஜூன் 2, செவ்வாய்

மூன்று டாக்டர்களைப் பார்த்தாயிற்று. "சொல்லி அனுப்பறோம்" என்றார்கள் மூவரும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். அவளும் இரண்டு தடவை இப்படித்தானே ஏறி இறங்கியிருப்பாள்? அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே வரவில்லை.

ஜூன் 11, வியாழன்

நாலாவது பல் டாக்டர். பெண். வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். கொண்டு போன மாதிரிப் பல்செட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலை சுத்தமா இருக்கு" என்றார். "இருபது வருஷம் ஒரே ஊர்ல லேப் நடத்தியிருக்கீங்க. அதையெல்லாம் விட்டுட்டு இங்க எதுக்கு வந்தீங்க?"

தொழில் விரிவு என்பது நாக்கு நுனி வரை வந்தது.

"என் மனைவிக்கு இங்க வேலை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் காத்திருந்தார், இன்னும் ஏதோ காரணம் வரப் போகிறது என்று.

"அவ்வளவுதாங்க" என்றேன்.

ஒரு கீழ்வரிசைக்கு அளவு கொடுத்திருக்கிறார். சனிக்கிழமை வேண்டுமாம்.